பதினோராம் எண் கூண்டு

"அண்ணே, விடுதி நினைவு, கேன்டீன் நினைவு, ஸ்டிரைக் நினைவு எல்லாம் மூட்டை மூட்டையா வந்துடுச்சு. நீங்க கொஞ்சம் வேற மாதிரி எழுதுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் போன மாதம் வல்லக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். வேற மாதிரி எழுத என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் என் தப்பும் இருக்கிறது.

இயற்பியல் துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஓர் அறை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 1980-களின் கடைசியில் படித்தவர்களுக்கு நிச்சயம் இருக்கும். கதவில் "உள்ளே மின்சாரம், தொடாதே" என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். அதன் கீழே ஒரு குறும்புக்காரன், "கீழே மெஸ், சாப்பிடாதே" என்று சேர்த்திருந்தான். அதுதான் நம் கல்லூரியின் ஹாம் ரேடியோ அறை. அதற்கு நேர் கீழே, புல்தரையில் முழங்கால் உயரம்கூட இல்லாமல் ஒரு மழைமானி நின்றது. இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே: நம் இயற்பியல் சார். (பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரிடம் படித்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை.)

சார் முதல் நாள் எங்களிடம் கேட்ட கேள்வி இது. "பேப்பர்ல படிக்கிறீங்களே, சென்னைத் துறைமுகத்துல 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினாங்கன்னு. மொத்தம் எத்தனை கூண்டு?"

பத்து என்றோம். பதினொன்று என்றார்.

அந்தக் கணக்கு இப்படி: 1, 2 என்றால் புயல் எங்கோ தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றுவார்கள்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பத்தாம் எண்ணே ஊரைப் புரட்டும் புயல் என்றால் அதற்கு மேல் என்ன பதினொன்று? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். இதற்கு மேலிடத்திலிருந்து தகவல் எதுவும் வராது. கம்பத்தடியில் நிற்கும் மனிதன் வானத்தையும் பாரமானியையும் பார்த்துத் தானே முடிவு செய்து ஏற்றவேண்டிய கூண்டு அது.

"மத்த பத்து கூண்டுக்கும் ஆபீஸ் இருக்கு. பதினொண்ணுக்கு நாமதான்" என்பார் சார்.

நுங்கம்பாக்கத்துத் தூண்

மழைக்காலம் வந்தால் டி.வி.யில் அதிகாரிகள் பேட்டி கொடுக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை மையம். அந்த வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வானாய்வகத்தின் மிச்சம் அது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தின் தொடக்கம் சர்க்கார் உத்தரவு அல்ல. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் சொந்த ஆசைக்காக வைத்திருந்த கருவிகள்தான் அதற்கு வித்து. 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் அங்கே தினசரி வானிலைக் குறிப்பு எழுதினார். சென்னை நகரத்தின் மழைக் கணக்கு 1813-லிருந்து கிடைக்கிறது. ஆசியாவிலேயே இவ்வளவு நீண்ட கணக்குள்ள ஊர்கள் மிகச் சில.

கல்கத்தாவில் இன்னொருவர், ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து கரையேறியவர். வானிலை அவருக்கு உத்தியோகம் அல்ல. வங்கக் கடலில் அடிபட்டு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் காற்று வீசியது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். காற்று நேராக வரவில்லை, சுருண்டு வருகிறது என்று கண்டு, பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-ல் 'சைக்ளோன்' என்ற சொல்லை உண்டாக்கினார். இன்று உலகமே சொல்லும் அந்தச் சொல் நம் வங்காள விரிகுடாவில் பிறந்தது! மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட வேண்டாம், புயலில் கடல் உள்ளே வரும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். யார் கேட்டார்கள்? போர்ட் கானிங் கட்டினார்கள். 1867-ல் கடல் உள்ளே வந்தது. பிடிங்டன் அப்போது உயிரோடு இல்லை.

1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்த பிறகுதான், 1865-ல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1866-லும் 1871-லும் மழை பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியபின், 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. அதன் உயிர்நாடி தந்திக் கம்பி. ஊர் ஊராக அளந்த அழுத்தமும் மழையும் 'கட்டுக் கடா' என்று தந்தியில் தட்டித் தலைமையகம் போகும்; அங்கிருந்து எச்சரிக்கை திரும்பி வரும். கம்பி அறுந்தால் இரண்டும் இல்லை.

கம்பி இல்லாமல்

ஹாம் என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஏழெட்டுக் கதைகள் உண்டு, எதையும் நம்பவேண்டாம். காசுக்காக இல்லாமல், ஆசைக்காக, அரசாங்க உரிமத்தோடு சொந்த வானொலி நிலையம் வைத்துப் பேசுகிறவர் ஹாம். அவ்வளவுதான். இந்தியாவில் முதல்வர் அமரேந்திர சந்திர குப்து, 1921-ல். அவருடைய அழைப்புக் குறி 2 ஜே.கே. அதே ஆண்டு முகுல் போஸ் சேர்ந்தபிறகுதான் இருவழிப் பேச்சு சாத்தியமாயிற்று. தனியாக ஒருவரே ஹாமாக இருந்து யாரோடு பேசுவது?

சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924 மே மாதம் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பே நடத்தியது. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய கிளப்! 1927-ல் பணமில்லாமல் மூடினார்கள். கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆக, தமிழ்நாட்டில் வானொலியின் தாய்வீடு ஓர் ஆர்வலர் சங்கம்.

1939-ல் உலகப் போர் வந்ததும் வெள்ளை அரசு ஹாம்களின் ஒலிபரப்புக் கருவிகளையெல்லாம் போலீசில் ஒப்படைக்கச் சொன்னது. அப்படியும் 1942-ல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாகக் காங்கிரஸ் வானொலி நடத்தியபோது, கருவி கட்டிக்கொடுக்க ஹாம்கள் துணை நின்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948 மே 15-ல் மாவ் ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் தொடங்கியபோது, நாடு முழுக்க உரிமம் பெற்றவர்கள் ஐம்பது பேர்தான். பழைய ராணுவக் கருவிகளை வாங்கி வந்து, வால்வைப் பிடுங்கி வால்வை மாட்டித்தான் அந்தத் தலைமுறை பேசியது. 1970 வரை ஆயிரம் பேர்கூட இல்லை.

தனுஷ்கோடி

மழைமானி அறைக்கும் மொட்டை மாடி அறைக்கும் நடுவே உள்ள படிக்கட்டில் உட்கார்ந்துதான் சார் எங்களுக்கு 1964 தனுஷ்கோடிக் கதையைச் சொன்னார். புயலின் கதை என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினோம். அவர் சொன்னது சிக்னலின் கதை.

அந்தமான் பக்கம் உருவான அந்தப் புயல் டிசம்பர் 22 அன்று இலங்கையின் வவுனியாவைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. அன்றிரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நிறுத்திக் காத்திருந்தார். இருட்டு, மழை, சிக்னல் இறங்கவே இல்லை. கடைசியில் நீளமாக விசில் ஊதிவிட்டு வண்டியை எடுத்தார். சில நூறு கஜ தூரத்தில் கடல் எழுந்து வந்து வண்டியை மூடியது. அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல், ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலம் உடைந்தது, ஊர் அழிந்தது.

இங்கே சார் நிறுத்துவார். "புயல் வர்றது தெரியாம இல்லப்பா. ஆனா வண்டி போன சேதி எப்ப தெரிஞ்சது தெரியுமா?" என்பார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மண்டபத்துக் கடல்துறை அதிகாரி தந்த தகவலை வைத்து 25-ஆம் தேதிதான் ரயில்வே தலைமையகம் அறிவித்தது. ஒரு ரயிலே கடலுக்குள் போயிருக்கிறது. இரண்டு நாள் வெளியுலகத்துக்குத் தெரியவில்லை! அன்று தனுஷ்கோடியிலோ ராமேஸ்வரத்திலோ கார் பேட்டரியில் ஓடும் ஒரு செட்டும், அதைத் தட்டத் தெரிந்த ஒரு கையும் இருந்திருந்தால் வண்டி தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். இடிபாட்டில் கிடப்பவர்களுக்கு இரண்டு நாள் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பெரிய கோபுரம் எதுவும் வேண்டியதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இருபது மீட்டர் செப்புக் கம்பி போதும். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிடலாம். தாழ்வாகவே கட்டலாம். அலை செங்குத்தாக மேலே போய், வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி அடுக்கில் பட்டு, பூவாளித் தண்ணீர் மாதிரி நாலா பக்கமும் இறங்கும். பகலில் முன்னூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தாராளமாகக் கேட்கும். நடுவே டவர் இல்லை, எக்ஸ்சேஞ்ச் இல்லை, யாருடைய கம்பியும் இல்லை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் பழகியிருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

ஸ்ரீபெரும்புதூரில் நின்றுபோன குரல்

1984-ல் கம்பியில்லாக் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு கிடைத்தது. அதற்கு ராஜீவ் காந்தி காரணம் என்று பழைய ஹாம்கள் நன்றியோடு சொல்வார்கள். அவரும் ஒரு ஹாம். வி.யூ.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி. 1980-ல் நாட்டில் ஆயிரத்து ஐந்நூறு பேராக இருந்த ஹாம்கள் 2000-க்குள் பத்தாயிரம் ஆனதில் அந்த வரி விலக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மொட்டை மாடிக்கு ஒரு ஜப்பான் செட் வந்து சேர்ந்ததும் அதன் பிறகுதான்.

1991 மே 21 இரவு நடந்தது நம் தலைமுறையில் யாருக்கும் மறக்காது. வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எங்களுக்குக் கடைசி செமஸ்டர் தேர்வு நேரம். விடிகாலையில் சார் வந்து அறையைத் திறந்தார். யாரும் பேசவில்லை. செட்டைப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் எங்கெங்கோ உள்ள குரல்கள் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன: வி.யூ.2 ஆர்.ஜி. சைலன்ட் கீ. இறந்த ஹாமை அப்படித்தான் சொல்வது வழக்கம். அவருடைய மோர்ஸ் சாவி மௌனமாகிவிட்டது என்று பொருள். கட்சிக்காரர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் என்ற பேதம் அன்று அந்த அலைவரிசையில் இல்லை.

தினமும் எட்டரை

சாரின் பயிற்சி முறை சலிப்பூட்டக்கூடியது. அதை மறைக்கப்போவதில்லை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானி. இந்தியா முழுக்க மழை அளக்கும் நேரம் அதுதான்; முந்தின நாள் எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. மானியின் வாய் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல இரண்டு பங்காவது தள்ளி இருக்கவேண்டும். இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால்தான் அதற்கு 'மழை நாள்' என்று பெயர். மழையே இல்லாத ஏப்ரல் மாதத்திலும் போய்ப் பார்த்து 'சுழியம்' என்று நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். "பெய்யலன்னு எப்படிச் சொல்றே? பாத்தியா?" என்று கேட்பார்.

மழைமானி முடிந்ததும் மேலே வந்து செட்டைப் போட்டு, காலை நெட்டில் ஆஜர் சொல்லவேண்டும். நெட் என்றால் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரே அலைவரிசையில் பல ஊர் ஹாம்கள் கூடி, ஒருவர் தலைமையில் வரிசையாகப் பேசுவது. பேச என்ன இருக்கும்? கோயம்புத்தூரில் வெயில், இங்கே மேகமூட்டம், சிக்னல் ஐந்துக்கு ஒன்பது, வணக்கம். அவ்வளவே. இதற்காகவா நிமிடத்துக்கு ஐந்து சொல் மோர்ஸ் படித்துச் சென்னையில் தேர்வெழுதினோம் என்று தோன்றும். 1978-ஆம் ஆண்டு விதிகள்படி மூன்றாம் மனிதருக்கான செய்தியை ஹாம் கடத்தக் கூடாது. பேரிடர் நேரத்துக்கு மட்டும் விலக்கு. அந்த ஒரு விலக்குக்காகத்தான் மற்ற நாளெல்லாம் வெயிலையும் மேகத்தையும் பேசுகிறோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சார் ஓய்வு பெறும்போது என்னைக் கூப்பிட்டார். நான் ஒரகடம் பக்கமே வேலையில் இருந்தேன். என்னிடம் உரிமமும் இருந்தது. "நிலையத்துக்குப் பொறுப்பா ஒரு லைசென்ஸ்காரன் வேணும். வாரம் ஒரு நாள் வந்து பசங்களுக்குச் சொல்லிக்கொடு" என்றார். சரி சார் என்றேன். இரண்டு வாரம் போனேன். அப்புறம் ஷிப்டு, கல்யாணம், வீட்டுக் கடன். என் உரிமத்தையும் புதுப்பிக்கவில்லை. அறை உடைந்த பெஞ்சு போடும் இடமாயிற்று. ஏரியல் கம்பியில் யாரோ துணி காயப்போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இதில் நிர்வாகத்தையோ மாணவர்களையோ குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

போர்ட் பிளேரில் ஓர் அம்மையார்

2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு சிறப்பு அனுமதி வாங்கி அந்தமான் போயிருந்தது. போனது நிவாரணத்துக்கு அல்ல, பொழுதுபோக்குக்கு! அபூர்வமான தீவுகளோடு பேசிச் சேகரிப்பது ஹாம்களுக்கு ஸ்டாம்ப் சேகரிப்பு மாதிரி. அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக யாரும் பேசியதில்லை என்பதால் உலகமே வரிசையில் நின்றது. 26-ஆம் தேதி ஞாயிறு காலை ஆறரைக்கு நிலம் குலுங்கியது. பிறகு கடல். தொலைபேசி போயிற்று. ஆனால் ஏரியல் கட்டியிருந்தது, செட் ஓடிக்கொண்டிருந்தது, கேட்க ஆள் இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து பொழுதுபோக்கு நிலையம் அவசர நிலையமாக மாறியது. தீவில் சிக்கியவர்கள் உயிரோடிருக்கும் செய்தி தாய்நாட்டு உறவினர்களுக்குப் போனது அவர்கள் வழியாக. கார் நிகோபாருக்கும் ஹாம்கள் போய் நிலையம் போட்டார்கள்.

அதே சமயம் இலங்கையில் விக்டர் குணதிலகவும் அந்நாட்டு ஹாம் சங்கத்தாரும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் தொடர்பு கொடுத்தார்கள். அங்கேயும் எல்லாம் சொந்தச் செட்டு, கார் பேட்டரி, கம்பிதான்.

அடுத்த ஆண்டு, 2005 மே 5-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. 2014 வரை உழைத்தது. பேப்பரில் படித்துவிட்டு சார் எனக்குப் போன் பண்ணினார். நான் மீட்டிங்கில் இருந்தேன். அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

செல்போன் ஊரில் செல்போன் இல்லாத இரவு

நம் ஊர்ப் பக்கத்தை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கோடிக்கணக்கில் செல்போன் செய்து உலகுக்கு அனுப்பியது. அதன் பிறகும் இந்தச் சாலையில் போன் செய்வது நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் 2015 டிசம்பர் 1 இரவு ஒரு போனும் வேலை செய்யவில்லை.

அன்று பெய்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் 2 காலை எட்டரை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. தாம்பரத்தில் 49. சென்னை நகரத்து மானியை மட்டும் பார்த்தவனுக்கு மேற்கே நடந்ததில் பாதிதான் தெரிந்திருக்கும். 47 சென்டிமீட்டர் என்றால் ஒரு கிரவுண்டு மனையில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக் கணக்கில் எட்டு, ஒன்பது லாரியை ஒரே மனையில் கவிழ்த்தது மாதிரி. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அதைப் பற்றி ஊரெல்லாம் பேசியாயிற்று. தணிக்கை அறிக்கையும் வந்தாயிற்று. அதிகம் பேசப்படாதது அடையாற்றின் தலைப்பகுதி. மணிமங்கலத்துக்கு அருகே மலைப்பட்டு ஏரியில்தான் அடையாறு பிறக்கிறது. மணிமங்கலம், சோமங்கலம், ஒரத்தூர், ஆதனூர் ஏரிகளின் உபரியெல்லாம் செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே அடையாற்றில் விழுந்து முடிச்சூர் வழியாகப் போகிறது. முடிச்சூரில் என் அக்கா வீடு.

2-ஆம் தேதி விடிந்ததும் சாரைப் பார்க்கப் போனேன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஓய்வு பெற்றபின் வீட்டுப் பின்புறம் சொந்தமாக ஒரு மானி வைத்து, நோட்டை விடாமல் எழுதிவந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எழுபது வயது மனிதர், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மானி வழிந்துவிடக் கூடாதே என்று இரவெல்லாம் அளந்து அளந்து ஊற்றியிருக்கிறார்.

"நேத்து சாயந்திரமே தெரிஞ்சுபோச்சுப்பா" என்றார். "மேக்கே இப்படி ஊத்துனா மணிமங்கலம், ஆதனூர் தாங்காது. முடிச்சூருக்குத் தண்ணி போய்ச் சேர நேரம் இருந்துது. அளந்துட்டேன். யார்கிட்ட சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பரணில் என் பழைய செட் பெட்டியோடு கிடந்தது. பேட்டரி செத்து, உரிமம் காலாவதியாகி, காலை நெட்டில் என் குரலை மறந்தே போயிருந்தார்கள். அக்காவும் அத்தானும் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்து, படகில் இறங்கினார்கள் என்று 4-ஆம் தேதிதான் எனக்குத் தெரிந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை. அடுத்த தெருவில் அப்படியில்லை. நான் செட்டோடு இருந்திருந்தால் ஊரைக் காப்பாற்றியிருப்பேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. சாரின் எண்ணை யாரிடமாவது சேர்த்திருப்பேன். அந்த நாட்களில் சென்னையில் ஹாம்கள் செட்டோடு உட்கார்ந்து செய்தி கடத்திக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது கருவி முன்னேறிவிட்டதே என்பீர்கள். உண்மைதான். சென்னைத் துறைமுகத்தில் 2002-லேயே டாப்ளர் ரேடார் வந்தது. தானியங்கி மழைமானிகள் வந்திருக்கின்றன. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் ஊர் ஊராக மழைக் கணக்கைத் தமிழ் மக்கள் பேச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். டீக்கடையில் மில்லிமீட்டர் பேசுகிறார்கள்! 2023-ல் எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் அலறி ஒரு சோதனை எச்சரிக்கை வந்ததே, என் மனைவி போனைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஆனால் அதுவும் டவர் உயிரோடிருக்கும் வரைதான். டவரின் பேட்டரி சில மணி நேரம். அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னைப் பக்கம் எத்தனை நாள் சிக்னல் இல்லாமல் தவித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மறுபடி மொட்டை மாடி

மிக்ஜாம் கழிந்த வாரம் நான் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் அறையில் விஷயத்தைச் சொன்னேன், சாவியைக் கொடுத்தார்கள். பெஞ்சுகளை வெளியே எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று. உரிமத்துக்கு மறுபடி தேர்வெழுதினேன், இந்த வயதில், என் மகன் வயதுப் பையன்களோடு. (பன்னிரண்டு வயது ஆனாலே எழுதலாம், மோர்ஸ் இல்லாத வகையும் உண்டு. பயப்படவேண்டாம்.) மின்னணுத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் இரண்டு பெண்கள் என்னைவிட நல்ல மதிப்பெண். அவர்கள்தான் இப்போது அறைக்கு எஜமானிகள். அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் 2025-ல் ஓய்வு பெறும்வரை, இரண்டு அலுமினியக் குழாயை 'வி' மாதிரி கட்டி, மடிக்கணினியில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, நம் தலைக்கு மேலே உள்ள மேகப் படத்தை நேரடியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவை போனதும் ருஷ்யாவின் மெட்டியோர் பக்கம் திரும்பினார்கள். சார் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு. இன்னிக்கு மானி பாத்தீங்களா?" என்றார்.

அவருடைய நோட்டுகள் மொத்தமும் இப்போது அந்த அறையில் இருக்கின்றன. 2015 நோட்டில் டிசம்பர் 2-ஆம் தேதிப் பக்கத்தில் மை கரைந்து எண் பாதி அழிந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறீர்கள். ஆலைக்கு ஒரு மழைமானி, ஆலைக்கு ஒரு உரிமக்காரர் என்று ஆரம்பிக்கலாமா என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முடிச்சூரிலிருந்து ஒருவர் வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை. அக்கா பையனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சந்திப்பு நாளன்று சாரைக் காரில் அழைத்து வருகிறேன். பதிவு மேஜை ஒன்பதரைக்குத்தான் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் இயற்பியல் கட்டடத்துக்குப் பின்னால் புல்தரைக்கு எட்டரைக்கு வாருங்கள். எட்டு முப்பத்தைந்துக்கு வந்தால் திட்டுவார்.